முதல்நூலும் வழிநூலும்: வண்டலூர் ஈன்ற இரு மகிழுந்துகள் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

ஒப்பாய்வு என்றவுடன் இரு காப்பியங்களையோ இரு கவிஞர்களையோ எதிரெதிரே நிறுத்திக் காண்பதே நம் துறையின் வழக்கம். ஆயின் ஒப்பிட்டு உணரும் கலை நூல்களுக்கு மட்டும் உரியதன்று. மாந்தன் கையால் ஆக்கப்பெற்ற எப்பொருளையும் அக்கண்கொண்டு நோக்கலாம். நம் பழம்புலவர் அவ்வாறு நோக்கியும் உள்ளனர். புறநானூற்றின் 87ஆம் பாடலில் அதியமானின் ஆற்றலைப் பகைவர்க்கு உணர்த்த விழைந்த ஔவையார், அதற்கு உவமை தேடித் தச்சன் ஒருவனின் பட்டறைக்குச் செல்கிறார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல ஒருவன், ஒரு திங்கள் முழுவதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரத்தை அவர் நமக்குக் காட்டுகிறார். ஊர்தியின் சிறப்பு அதன் விரைவில் மட்டுமன்று, அதனை ஆக்கியவன் செலவிட்ட கருத்திலும் காலத்திலும் உள்ளது என்னும் உண்மை அவ்வுவமையுள் அடங்கியுள்ளது.

அவ்வுண்மையை நம் காலத்து ஊர்திகள் இரண்டில் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று 1961இல் தோன்றிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மற்றொன்று 1985இல் தோன்றிய ஸ்டாண்டர்டு 2000. இரண்டும் சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தைக் கடந்து வண்டலூரை ஒட்டி அமைந்திருந்த ஒரே ஆலையில் உருவாயின. இரண்டும் இங்கிலாந்தில் பிறந்த வடிவங்களின் வழிவந்தவை. இரண்டிற்கும் ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவு மகிழுந்துகளோடு நெருங்கிய உறவு உண்டு. எனினும் ஒன்று ஒரு தலைமுறையின் அன்பைப் பெற்றது. மற்றொன்று மூன்றாண்டுகளில் மறைந்தது. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வோம்.

ஒப்பீட்டின் அளவுகோல்

எவ்வித ஒப்பாய்வுக்கும் முதற்கண் அளவுகோல் ஒன்று வேண்டும். 24 ஆண்டு இடைவெளியில் தோன்றிய இரு பொருள்களை விரைவு, விலை, எடை என்னும் எண்களால் மட்டும் அளந்தால் பின்னதே வெல்லும். அது காலத்தின் வெற்றியேயன்றிப் பொருளின் வெற்றியாகாது. ஆதலின் நமக்கு நன்கு பழகிய வேறோர் அளவுகோலை இங்குக் கைக்கொள்வோம்.

தொல்காப்பியர் மரபியலில் நூல்களை முதல்நூல், வழிநூல் என இருவகைப்படுத்துவார். வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக்குவார். நன்னூலார் வழிநூலுக்கு மேலும் ஒரு தெளிவு தருகிறார். முதல்நூலின் வழியே செல்லும் பின்னோன் தனக்கு வேண்டும் மாற்றங்களைச் செய்து கொள்ளலாம். ஆயின் மரபு அழிதல் கூடாது என்பது அவர் கருத்து. மாற்றமே கூடாது என்று அவர் சொல்லவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கம்பர் வடமொழிக் கதையைத் தமிழ்நிலத்துக் கதையாக்கினார். உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டுக்குத் தமிழ் மருத நிலத்தின் வளத்தைத் தந்தார். இவர்கள் மாற்றினார்கள், ஆயின் சிதைக்கவில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று அறிந்திருந்தமையே அவர்தம் வெற்றி.

வெளிநாட்டு வடிவத்தைப் பெற்று இங்கு ஆக்கப்படும் மகிழுந்தும் ஒரு வழிநூலே. எனவே இவ்விரண்டையும் ஒன்றோடொன்று நேரே மோதவிடாமல், ஒவ்வொன்றையும் அதனதன் முதல்நூலோடு வைத்து நோக்கி, அதன்பின் இரு உறவுகளையும் ஒப்பிடுவதே முறையாகும்.

ஆலையின் வரலாறு

ஸ்டாண்டர்டு என்னும் நிறுவனம் 1903இல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் தொடங்கப்பெற்றது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் அது டிரையம்ஃப் நிறுவனத்தை வாங்கியது. விடுதலைக்குப்பின் சென்னையின் யூனியன் கம்பெனி நிறுவனத்தாரோடு கூடி, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற பெயரில் இங்கும் காலூன்றியது. முதலில் வேன்கார்டு, பின்னர் ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் ஆகிய மகிழுந்துகள் இங்கு உருவாயின. இவற்றையடுத்து வந்ததே ஹெரால்டு.

இவ்விடத்துச் சுவையான செய்தி ஒன்றுண்டு. தாய்நிறுவனத்தை 1961இல் லேலண்டு நிறுவனம் கைக்கொண்டது. 1963ஆம் ஆண்டோடு இங்கிலாந்தின் மகிழுந்துகளில் ஸ்டாண்டர்டு என்னும் பெயர் வழக்கொழிந்தது. ஆயின் வண்டலூரில் அப்பெயர் மேலும் 25 ஆண்டுகள், அதாவது 1988 வரை வாழ்ந்தது. பிறந்த மண்ணில் மறைந்த சொல் புகுந்த மொழியில் நிலைத்து வாழ்வதை மொழியியலில் காண்கிறோம். அதனை ஒத்தது இது.

ஹெரால்டும் அதன் முதல்நூலும்

டிரையம்ஃப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வெளியாயிற்று. அதன் உருவை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்துக் கலைஞர் ஜியோவானி மிக்கெலாட்டி. அதன் அமைப்பு, நெருக்கடி ஒன்றிலிருந்து பிறந்தது. அக்காலத்தில் மகிழுந்து செய்வோர் அடிச்சட்டத்தையும் மேலுடலையும் ஒரே கூடாகச் செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தனர். ஸ்டாண்டர்டு நிறுவனத்திற்கு மேலுடல் செய்து தந்துவந்த நிறுவனத்தைப் போட்டியாளர் வாங்கிவிட்டமையால் அம்முறை அதற்கு எளிதாக இல்லை. எனவே சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்தைத் தனியே செய்து, மேலுடலைப் பல துண்டுகளாகப் பல இடங்களில் ஆக்கி, போல்ட்டுகளால் முடுக்கிச் சேர்க்கும் பழைய முறையையே ஹெரால்டில் மேற்கொண்டனர்.

அங்கே குறையாகத் தோன்றிய இவ்வமைப்பு இங்கே நிறைவாயிற்று. துண்டு துண்டாகப் பூட்டக்கூடிய ஊர்தியைத் தொலைநாட்டு ஆலையில் சேர்ப்பதும், பகுதி பகுதியாக உள்நாட்டிலேயே செய்யத் தொடங்குவதும் எளிது. அடிபட்ட துண்டை மட்டும் கழற்றி மாற்றவும் இயலும். முன்புற மூடி, இருபக்க மட்கார்டுகளோடும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மீதே அமர்ந்து எஞ்சினைப் பழுது பார்க்கலாம். ஏறத்தாழ 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் முழுதும் திரும்பிவிடும் அதன் ஸ்டீயரிங் அக்காலத்தில் வியந்து பேசப்பட்டது. மயிலாப்பூரின் மாடவீதிகளிலும் கச்சேரிச் சாலையின் கிளைத் தெருக்களிலும் தியாகராய நகரின் உட்தெருக்களிலும் இப்பண்பு எத்துணைப் பயன்பட்டிருக்கும் என்பதை அத்தெருக்களை அறிந்தோர் உணர்வர்.

எஞ்சின் சிறியது, 948 சி.சி. கொள்ளளவும் ஏறத்தாழ 35 குதிரைத் திறனும் உடையது. ஊர்தியின் எடையும் குறைவு. 800 கிலோ அளவினதே. பெரிய ஆற்றல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆயின் உடலும் உயிரும் ஒன்றற்கொன்று அளவாய் அமைந்திருந்தன.

ஹெரால்டின் விரைவு உடன்பிறப்பு

ஸ்போர்ட்ஸ் கார் என்பது யாது? பயணியரின் எண்ணிக்கையையும் மூட்டை முடிச்சுகளையும் இரண்டாம் இடத்தில் வைத்து, விரைவையும் வளைவுகளில் கட்டுக்குள் நிற்கும் பண்பையும் முதலிடத்தில் வைத்து ஆக்கப்படுவது எனலாம். ஹெரால்டு அவ்வகையினதன்று, அது இல்லறத்தார் ஊர்தி. ஆயின் அதன் உறுப்புகளைக் கொண்டே 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. சக்கரங்களுக்கிடைப்பட்ட நீளம் ஏறத்தாழ எட்டரை அங்குலம் குறைந்தது. 1147 சி.சி. எஞ்சினில் இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தப்பட்டுத் திறன் 63 ஆக உயர்ந்தது. மேலுடலை வரைந்தவரும் மிக்கெலாட்டியே. 1980 வரை அது உற்பத்தியில் இருந்தது.

இருவருக்கும் பொதுவான குறை ஒன்றும் இருந்தது. பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும்படி ஸ்விங் ஆக்ஸில் எனப்படும் ஊசல் அச்சு முறையில் அவை அமைந்திருந்தன. மேடுபள்ளங்களில் இது சொகுசானது. ஆயின் விரைந்து வளையும்போது பின்சக்கரம் உட்புறம் மடங்கி ஊர்தி தடுமாறக்கூடும். அமெரிக்காவில் செவர்லே கார்வேர் ஊர்தியின் இத்தகைய அச்சு குறித்து ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய நூல் உலகின் கவனத்தை ஈர்த்தது. ஸ்பிட்ஃபயரில் இக்குறை 1970இல் வந்த நான்காம் வடிவில் சீர்செய்யப்பட்டது.

வழிநூலில் செய்த மாற்றங்கள்

வண்டலூரார் ஹெரால்டை வாங்கியபடியே விட்டுவிடவில்லை. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு என்றும் இரு கதவுகளே இருந்தன. முன்னிருக்கையை மடக்கிப் பின்னிருக்கைக்குச் செல்லவேண்டும். முதியோரும் சேலையுடுத்த மகளிரும் குழந்தைகளும் ஒன்றாய் ஏறும் நம் குடும்பத்திற்கு இது பொருந்தாது. ஆதலின் 1960களின் இறுதியில் நான்கு கதவு ஹெரால்டு இங்கு உருவாயிற்று. இவ்வடிவம் இந்தியாவுக்கே உரியது, முதல்நூலில் இல்லாதது. இதனை விரித்தல் என்னும் வகையுள் அடக்கலாம்.

அடுத்து, ஊசல் அச்சு. வாங்குவோரில் பலரும் பழுதுபார்ப்போரில் பலரும் அதனை நம்பவில்லை. ஆகவே 1972இல் ஹெரால்டின் வழியில் வந்த கெஸல் என்னும் ஊர்தியில் இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை அச்சு வந்தது. இது புதுமையை நோக்கிய நடையன்று. தொழில்நுட்ப நோக்கில் ஒருபடி பின்னோக்கியதே. ஆயினும் ஓட்டுபவருக்கும் மெக்கானிக்குக்கும் புரியும் மொழியில் அது பேசியது.

இங்கு நாம் கருதத்தக்கது மாற்றத்தின் முறை. கதவு மாறியது, பின்னர் அச்சு மாறியது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் முன்னால் சாலையும் மக்களும் சொன்ன செய்தி இருந்தது. 1961 முதல் 1972 வரை 11 ஆண்டுகள் அதற்குச் செலவாயின. குறைந்த எடை, அதற்கேற்ற எஞ்சின், எளிய பழுதுபார்ப்பு என்னும் அடிப்படை மரபு மாறவில்லை.

ஸ்டாண்டர்டு 2000-உம் அதன் முதல்நூலும்

1970களில் ஆலையின் மகிழுந்துப் பணி தளர்ந்தது. 1980களில் நிலைமை மாறத் தொடங்கிற்று. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அரசின் கட்டுப்பாடுகளும் சற்றே நெகிழ்ந்தன. பழைய நிறுவனங்கள் யாவும் புதிய வடிவங்களைத் தேடின. அவ்வேளை ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் தேர்ந்தது ரோவர் எஸ்டி1.

அம்முதல்நூல் எளியதன்று. 1976இல் வெளியான அதனை வடிவமைத்தவர் டேவிட் பேச். ஃபெராரி டேடோனா என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரின் சாயலை அவர் ஐந்து பேர் அமரும் ஊர்திக்கு ஏற்றினார். தாழ்ந்து சரிந்த முன்புறம், பின்னோக்கி நீண்டு சரியும் கூரை, மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு என அமைந்த அதன் உள்ளே 3528 சி.சி. கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் அலுமினிய எஞ்சின் இருந்தது. திறன் 155. ஐரோப்பாவின் 1977ஆம் ஆண்டுக்குரிய சிறந்த மகிழுந்து விருதை அது பெற்றது. 1982இல் வந்த விட்டெஸ் என்னும் வடிவில் திறன் 190 ஆயிற்று. அவ்வூர்தியை ஓட்டியே ஆண்டி ரௌஸ் 1984ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மகிழுந்துப் பந்தய வாகையைச் சூடினார். அதன் உடல் சொன்ன சொல்லை அதன் எஞ்சின் காப்பாற்றியது.

வண்டலூரில் 1985இல் வெளியான ஸ்டாண்டர்டு 2000 அதே உடலைக் கொண்டிருந்தது. நம் சாலைகளுக்கேற்பத் தரையிலிருந்து அதன் உயரம் கூட்டப்பட்டது. ஆயின் உள்ளே இருந்தது வேறு. 1991 சி.சி. கொள்ளளவும் 80 குதிரைத் திறனை ஒட்டிய ஆற்றலும் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின் அது. அதன் மூலம் 1940களின் வேன்கார்டு எஞ்சின் ஆகும்.

ஓர் எஞ்சினின் வரலாறு

இவ்வெஞ்சினைப் பழித்துரைப்பது எளிது. ஆயின் அது நேர்மையாகாது. அதன் வரலாறு பெருமைக்குரியது. அக்குடும்பத்து எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரில் அமர்ந்து வயல்களை உழுதது. அதே எஞ்சினின் உருளை விட்டத்தைச் சற்றே குறைத்து 1991 சி.சி. ஆக்கி, இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தி, 1953இல் டிரையம்ஃப் டிஆர்2 என்னும் ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தனர். திறன் 90 ஆயிற்று. ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுடைய அச்சிறு ஊர்தி, அவ்வாண்டே பெல்ஜியத்தின் ஜாபெக் நெடுஞ்சாலையில் நடந்த ஓட்டத்தில் மணிக்கு 200 கிலோமீட்டர் விரைவை எட்டியது. பின்னர் இவ்வெஞ்சின் மரபு வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு 20 என்னும் வேனில் தொடர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் சுமந்த அவ்வேனைச் சென்னையின் மூத்தோர் நன்கு அறிவர்.

ஆக, எஞ்சினும் இழிந்ததன்று, உடலும் இழிந்ததன்று. ஒன்று 1953ஆம் ஆண்டின் ஸ்போர்ட்ஸ் காருக்கு உயிர் தந்தது. மற்றொன்று 1976ஆம் ஆண்டின் விரைவு ஊர்திக்கு வடிவு தந்தது. இரண்டு நல்லவை சேர்ந்தும் ஒரு நல்லது பிறக்கவில்லை என்பதே இங்குள்ள புதிர். சிலப்பதிகாரத்து அடியொன்றையும் தேம்பாவணி அடியொன்றையும் எடுத்து அடுத்தடுத்து வைத்தால் கவிதை ஆகிவிடுமா என்று எண்ணிப் பார்ப்போர்க்கு இப்புதிர் விளங்கும். தொடை வேறு, நடை வேறு, காலம் வேறு. அவற்றை இணைக்கும் மூன்றாவது ஒன்று வேண்டும்.

எண்கள் கூறுவன

இங்கு ஒரு தடை எழலாம். ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத் திறன் என்று கணக்கிட்டால் ஹெரால்டுக்கு ஏறத்தாழ 43. 1,300 கிலோ அளவினதாகிய ஸ்டாண்டர்டு 2000-க்கு ஏறத்தாழ 60. அவ்வாறாயின் பின்னதே விரைவானதன்றோ எனலாம். உண்மையே. ஹெரால்டின் உடன்பிறப்பான ஸ்பிட்ஃபயருக்கு அதே கணக்கு ஏறத்தாழ 88. ஹெரால்டு அதிலும் பாதிதான் என்றும் கூறலாம். அதுவும் உண்மையே.

ஆயின் ஹெரால்டு ஸ்பிட்ஃபயரின் ஆடையை அணிந்து வரவில்லை. தன்னை இல்லற ஊர்தி என்றே அது அறிவித்தது. அதன் முதல்நூலாகிய டிரையம்ஃப் ஹெரால்டின் ஆற்றலும் ஏறத்தாழ அதுவேதான். ஸ்டாண்டர்டு 2000-இன் நிலை வேறு. எட்டு சிலிண்டர் ரோவருக்கு டன் ஒன்றுக்குத் திறன் 110க்கும் மேல். வழிநூல் அதில் பாதியளவே பெற்றது; ஆயின் அணிந்ததோ முதல்நூலின் முழு ஆடை. விலையும் அவ்வாடைக்கேற்பவே இருந்தது. காண்போர் கண்ணில் அது எழுப்பிய எதிர்பார்ப்பை ஓட்டுவோர் கால் உணரவில்லை. எரிபொருள் செலவு குறித்தும் குறைகள் எழுந்தன. சிக்கனம் வேண்டுவோர்க்கு மாருதி இருந்தது. உறுதி வேண்டுவோர்க்கு அம்பாசடர் இருந்தது. இஃது எவர்க்குரியது என்ற வினாவுக்கு விடை கிடைக்கவில்லை.

இங்கிலாந்திலும் 1982 முதல் இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் பொருத்திய ரோவர் விற்கப்பட்டது என்பதை மறைத்தல் கூடாது. ஆயின் அது காலத்துக்கேற்ற புதிய எஞ்சின். திறன் 100 அளவினது. சிறிய எஞ்சின் என்பதால் குறை நேரவில்லை. உடலோடு உரையாடாத எஞ்சின் என்பதாலேயே குறை நேர்ந்தது என்பது இதனால் பெறப்படும்.

சூழலும் பிறர் செய்தனவும்

தீர்ப்பு வழங்குமுன் சூழலை நோக்குதல் வேண்டும். அக்காலத்தில் அந்நியச் செலாவணி அருமையானது. புதிய எஞ்சினைத் தருவிப்பதோ அதற்கென ஆலை நிறுவுவதோ எளிதன்று. கையில் இருந்ததைக் கொண்டு செய்தார்கள். அவர்கள் மட்டும் அல்லர். ஹிந்துஸ்தான் நிறுவனம் 1984இல் வெளியிட்ட கான்டெஸாவும் 1970களின் வாக்ஸ்ஹால் உடலில் அம்பாசடரின் எஞ்சினோடு உறவுடைய பழைய 1.5 லிட்டர் எஞ்சினைச் சுமந்தே வந்தது. பிரீமியர் நிறுவனம் 1985இல் வெளியிட்ட 118என்ஈ, ஃபியட் 124 வழிவந்த உடலையும் நிசானின் 1171 சி.சி. எஞ்சினையும் இணைத்தது.

இவற்றுள் கான்டெஸாவின் பின்வரலாறு நமக்குப் பாடமாகிறது. சில ஆண்டுகளிலேயே ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினை அதற்குப் பொருத்தினர். உடலுக்கேற்ற உயிர் கிடைத்தது. கான்டெஸா மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தது. ஹெரால்டு 11 ஆண்டுகளில் திருத்தம் பெற்றது போலவே கான்டெஸாவும் திருத்தம் பெற்றது. ஸ்டாண்டர்டு 2000-க்கோ அத்தகைய இரண்டாம் பதிப்பு வாய்க்கவில்லை. 1988இல் ஆலையே மூடப்பட்டது. அதனை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்களின் வாழ்வும் அதனோடு அசைந்தது. வடிவமைப்பில் நேரும் பிழையின் விலையை வரைபடம் வரைந்தோர் மட்டும் தருவதில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

பயன்படாமல் மீந்த ரோவர் உதிரிப்பாகங்களை 1990களில் இங்கிலாந்தின் நிறுவனம் ஒன்று வாங்கிக் கொண்டது. கடல் கடந்து வந்தவை மீண்டும் கடல் கடந்து, முதல்நூலைப் போற்றுவோர் கைக்கே சென்று சேர்ந்தன. இங்கு வேரூன்றாதது வந்தவழியே திரும்பியது.

ஒப்பும் உறழ்வும்

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். இரண்டும் ஒரே ஆலையின் மக்கள். இரண்டும் இங்கிலாந்தின் வடிவத்தைப் பெற்றவை. இரண்டும் ஸ்போர்ட்ஸ் காரின் உறவினர். இவை ஒப்புமைகள்.

வேற்றுமைகள் மூன்று. முதலாவது, ஹெரால்டில் புறம் மாறியது, அகம் காக்கப்பட்டது. ஸ்டாண்டர்டு 2000-இல் புறம் காக்கப்பட்டது, அகம் மாறியது. இரண்டாவது, ஹெரால்டின் மாற்றங்கள் பயன்படுத்துவோரின் தேவையிலிருந்து எழுந்தன. ஸ்டாண்டர்டு 2000-இன் முதன்மையான மாற்றம் ஆக்குவோரின் இயலாமையிலிருந்து எழுந்தது. மூன்றாவது, ஹெரால்டு திருந்துவதற்குக் காலம் பெற்றது. ஸ்டாண்டர்டு 2000 பெறவில்லை.

இவற்றுள் முதலாவதே தலையாயது. மாற்றம் என்பது குற்றமன்று. எதை மாற்றுவது என்னும் தெரிவே வழிநூலின் தகுதியை உறுதிசெய்கிறது.

நமக்குரிய படிப்பினை

மகிழுந்து ஆலை நடத்துவோருக்கு இச்செய்தியைச் சொல்லி ஆவதென்ன என மாணவர் வினவலாம். நம் துறையிலும் வண்டலூர்கள் உள்ளன என்பதே நம் விடை.

ஆய்வேடு எழுதும் மாணவர் மேலைநாட்டுக் கோட்பாடு ஒன்றை எடுத்துக்கொள்கிறார். அமைப்பியல், பின்னை அமைப்பியல் எனத் தலைப்பு மிடுக்காக அமைகிறது. இயல்களின் பெயர்கள் ஃபெராரியின் சாயலில் மின்னுகின்றன. உள்ளே புரட்டினால் பாட்டின் பொழிப்புரையே முன்போல் ஓடிக்கொண்டிருக்கிறது. பொழிப்புரை இழிந்ததன்று, அது பல தலைமுறை மாணவரைச் சுமந்த உறுதியான எஞ்சின். கோட்பாடும் இழிந்ததன்று. இரண்டையும் இணைக்கும் சிந்தனை இல்லாதபோதே படிப்பவர் ஏமாற்றம் அடைகிறார். அதனினும், நான் பொழிப்புரையே தருகிறேன் என்று அறிவித்து நான்கு கதவுகளோடு வரும் எளிய ஆய்வேடு நூறு மடங்கு பயனுடையது.

மொழிபெயர்ப்பாளருக்கும் இது பொருந்தும். மூலத்தின் சொற்கட்டை அப்படியே நிறுத்தி உணர்வைத் தொலைப்பவர் உடலை மட்டும் கப்பலேற்றியவர் ஆவார். மூலத்தின் உயிரை உணர்ந்து, அதற்கு நம் மக்கள் ஏறி அமரத்தக்க கதவுகளை அமைப்பவரே வழிநூல் செய்தவர் ஆவார்.

முடிவுரை

வண்டலூர் ஆலை இருந்த நிலம் இன்று வேறு கட்டடங்களைத் தாங்கி நிற்கிறது. சென்னையைச் சூழ்ந்து இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் பெரிய மகிழுந்து ஆலைகள் எழுந்துள்ளன. உலகின் பல நாடுகளுக்கு இங்கிருந்து ஊர்திகள் செல்கின்றன. அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஒருகாலத்தில் இயல்பாக ஓடிய ஹெரால்டைப் பழைய மகிழுந்துகளின் அணிவகுப்பில்தான் இனிக் காணமுடியும். அங்கு அதன் முன்புற மூடி திறந்து நிற்கையில் மாணவர்கள் சற்றே நின்று உள்ளே நோக்க வேண்டும். சிறிய எஞ்சின், அதனைச் சுற்றிக் கை நுழையும் இடம், கழற்றத்தக்க துண்டுகள் என யாவும் வெளிப்படையாக இருக்கும். மறைப்பதற்கு அதனிடம் எதுவுமில்லை.

பிறரிடமிருந்து பெறுதல் தாழ்வன்று. பெற்றதை மாற்றுதல் பிழையன்று. பெற்றதன் உயிர் எதுவென அறிந்து, அதனைக் காத்து, நம் மக்களின் தேவைக்கேற்ப ஏனையவற்றைப் பொறுமையோடு திருத்துதல் வேண்டும். அப்பொறுமையே ஔவையார் கண்ட தச்சனின் ஒரு திங்கள் உழைப்பு. அது வாய்த்த வழிநூல் முதல்நூலுக்கு இணையாக நிற்கும் என்பதும், வாய்க்காதது எத்துணை எழில் பெற்றிருப்பினும் நில்லாது என்பதும் இவ்வொப்பாய்வால் நாம் பெறும் முடிபாகும்.